சுவர் பூத்தால் யார் குற்றம்?

இவ்விதழ் தங்கள் கைக்கு வந்து சேரும்பொழுது இடவப்பாதி தொடங்கியிருக்கும். சூன் முதல் நாளை ஒட்டித் தென்மேற்குப் பருவமழை கேரளக் கரையில் இறங்குவது வழக்கம். சில ஆண்டுகளில் நான்கு நாள் முன்னே, சில ஆண்டுகளில் நான்கு நாள் பின்னே. கர்க்கடகம் முடியும்வரை அது விடுவதில்லை. துலாம் மாதத்தில் மறுபடியும் இடியோடு கூடிய மழை. ஆக, மலையடிவாரத்தில் வாழும் நம் குடும்பங்கள் ஆண்டில் ஏறத்தாழ ஐந்து மாதம் ஈரத்தோடு குடித்தனம் செய்ய வேண்டியிருக்கிறது. ஆகையால் இம்மாதம் சமையற் குறிப்போ கோயிற் பயணமோ எழுதாமல், வீட்டுச் சுவரில் படரும் பூசணத்தைப் பற்றி எழுதலாமென்று துணிந்தேன். அற்ப விஷயம் என்று சிலருக்குத் தோன்றலாம். எங்கள் வீட்டில் அஃது அற்பமாக இருக்கவில்லை.

நான் பிறந்தது விளாத்திகுளம் பக்கத்துக் கரிசற்காட்டு ஊர். அங்கே மழை என்பது ஐப்பசி கார்த்திகையில் வந்து நாலு நாள் தங்கிப் போகும் விருந்தாளி. ஆடி மாதம் என்றால் காற்று. புழுதியை வாரி இறைக்கும் காற்று. காலையில் துவைத்துப் போட்ட சேலை அரை மணியில் முறுகிவிடும். திருமணமாகி 2003ஆம் ஆண்டு கல்லாற்றுக்கு வந்தேன். விதுராவில் என் கணவருக்குப் பலசரக்குக் கடை. விதுராவிலிருந்து பொன்முடிக்குப் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். கல்லாறு என்னும் பெயர் ஊருக்கும் உரியது, ஆற்றுக்கும் உரியது. உருண்ட பாறைகளுக்கிடையே கண்ணாடி போல் ஓடி வாமனபுரம் ஆற்றில் கலக்கும் நீர் அது. ஊரைக் கடந்த பின் 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் பொன்முடியை அடைய வேண்டும். மழைக் காலத்தில் அந்த மலையை மூடும் மேகம் இறங்கி எங்கள் கூரை வரையில் வரும். ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து படம் எடுத்துச் செல்வோர்க்கு அது பெருங்காட்சி. துணி உலர்த்த இடம் தேடும் இல்லத்தரசிக்கு அவ்வளவு ரசிப்பதில்லை.

கேரளத்தின் சராசரி ஆண்டு மழை சுமார் 3000 மில்லிமீட்டர். தமிழ்நாட்டின் சராசரியோ 1000 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. இக்கணக்கைப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். அதன் பொருள் முதல் கர்க்கடகத்தில்தான் விளங்கிற்று. கூறைப்புடைவையின் மடிப்பில் வெள்ளைத் துகள். கணவரின் தோல் இடைவாரில் பச்சைப் பூச்சு. மர அகப்பையில் கறுப்புப் புள்ளி. தகப்பனார் சீராகக் கொடுத்தனுப்பிய தமிழ்ப் புத்தகங்களைத் திறந்தால் மூக்கை அடைக்கும் ஒரு வாடை.

மலையாளத்தில் இதற்குப் பூப்பல் என்று பெயர். நாமும் ஊறுகாய் பூசணம் பூத்தது என்கிறோம். சுவர் உப்புப் பூத்தது என்கிறோம். இரண்டு மொழியாரும் இதைப் பூ என்றே கண்டிருக்கிறார்கள். அது ஒருவகையில் சரியே. கண்ணுக்குத் தெரியும் கறுப்பும் பச்சையும் வித்துப் பரப்பும் பகுதி. உணவு தேடும் மெல்லிய இழைகள் மரத்துக்குள்ளும் சுவர்ப் பூச்சுக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கும். வித்துக்களோ எங்கும் உள்ளன. கரிசற்காட்டு வீட்டிலும் அவை காற்றில் மிதக்கின்றன. ஆனால் முளைக்க ஈரம் இல்லை. சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு எண்பதைத் தாண்டிச் சில நாள் நின்றால் போதும், முளைத்துவிடும்.

இந்தப் பூவுக்கு மூதேவி என்றும் ஒரு பெயர் வீடுகளில் வழங்குகிறது. வடகேரளத்தில் கர்க்கடகம் பிறக்கும் முன் வீட்டைக் கழுவித் துடைத்து, சேட்டையை வெளியே அனுப்பி, ஸ்ரீபகவதியை உள்ளே அழைக்கும் சடங்கு உண்டு. சேட்டை என்பவள் நம்முடைய மூதேவியே. மழைக்கு முன் மூலை முடுக்கெல்லாம் துப்புரவாகிறதென்றால் அது நல்ல சடங்குதான். ஆனால் அந்த எண்ணத்துக்கு ஒரு மறுபுறமும் உண்டு. பூசணம் கண்ட வீட்டில் மூதேவி குடியிருக்கிறாள். அவளைக் குடியேற்றியவள் வீட்டு மருமகள். சகோதரிகள் பலர் இதைக் கேட்டிருப்பார்கள் என்று எண்ணுகிறேன்.

எங்கள் மகன் 2005இல் பிறந்தான். நான்கு வயதிலிருந்து ஆடி பிறந்ததும் அவனுக்கு இளைப்பு. இரவில் உட்கார்ந்தபடியே தூங்குவான். 2010ஆம் ஆண்டு ஆடியில் அத்தை ஊரிலிருந்து வந்தார்கள். வந்த மூன்றாம் நாள், பேரன் படுக்கும் கட்டிலை இழுத்துப் பார்த்தார்கள். பின்சுவரில், கட்டிலின் உயரத்துக்கு, கம்பளி விரித்தாற்போல் கறுப்பு. வாரம் ஒரு முறை நான் துடைக்கும் கறுப்புத்தான் அது. "ஏம்மா, பெருக்குகிற வீட்டில் இது வருமா?" என்றார்கள். உரத்துக்கூடச் சொல்லவில்லை. பேரனை விளாத்திகுளத்துக்கு அழைத்துச் சென்றார்கள். மூன்று மாதம் அங்கே இருந்தான். ஓர் இரவுகூட இளைக்கவில்லை. "என்னிடம் இருந்தவரை பிள்ளைக்கு ஒன்றுமில்லை, இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுகிறேன்" என்று தொலைபேசியில் சொன்னார்கள். என் கணவர் மறுமொழி சொல்லாமல் இருந்தார். ஐந்து வயதுப் பிள்ளையைப் பிரிந்து இருப்பதா, அவன் மூச்சை இந்த வீட்டுக்குக் கொடுப்பதா என்பதுதான் அந்த ஐப்பசியில் எங்கள் முன் நின்ற கேள்வி.

வீட்டுக்காரரிடம் போனோம். அவர் முகம் கொடுத்துப் பேசினார். ஆனால் பேசியது இது: "அண்ணாச்சி, நீங்கள் வீட்டுக்குள் துணி உணக்குகிறீர்கள், காலை மாலை இட்டலி அவிக்கிறீர்கள். ஆவி சுவரில் பிடிக்காமல் எங்கே போகும்? முன்பு இருந்தவர்கள் ஒன்றும் சொன்னதில்லை." முன்பு இருந்தவர்கள் ஒன்றரை ஆண்டில் காலி செய்தார்கள் என்பதை அடுத்த வீட்டு அம்மாள் பிறகு சொன்னார்.

ஆக, அத்தைக்கு நான் துப்புரவில்லாதவள். வீட்டுக்காரருக்கு நாங்கள் ஆவி கிளப்பும் தமிழர்கள். சுவரை ஒருவரும் விசாரிக்கவில்லை.

இது எங்கள் வீட்டோடு நின்ற வழக்கமன்று. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில், சூடான் நாட்டிலிருந்து குடியேறிய பெற்றோரின் இரண்டு வயது மகன் 2020 டிசம்பரில் இறந்தான். அவர்கள் குடியிருந்தது சமூக வாடகைக் குடியிருப்பு. சுவரில் கரும்பூசணம் என்று தகப்பனார் 2017 முதலே முறையிட்டு வந்தார். மேலே வண்ணம் அடித்துக்கொள்ளுங்கள் என்று அவருக்குச் சொல்லப்பட்டது; அவர்கள் குளிக்கும் முறை, சமைக்கும் முறை என்று பழி அவர்கள் வாழ்க்கைமேலும் போடப்பட்டது. நெடுங்காலம் பூசணத்தைச் சுவாசித்ததால் வந்த மூச்சு நோயே மரணத்துக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு கூறினார். அக்குழந்தையின் பெயரால் அவாப் சட்டம் எனப்படும் விதி 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேர்ந்து, 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூகக் குடியிருப்புக்களில் நடைமுறைக்கு வந்தது. உயிருக்கு உடனடி ஆபத்தென்றால் 24 மணி நேரத்துள்ளும், பெரிதான ஈரமும் பூசணமும் என்றால் 10 வேலை நாளுக்குள்ளும் உரிமையாளர் வந்து ஆராய வேண்டும். அந்நாட்டில் அத்தகைய வீடுகளில் வாழும் நம் உறவினர் இதை அறிந்து வைத்துக்கொள்வது நலம். உலக சுகாதார நிறுவனமும் 2009இல் ஒரு நெறிமுறை வெளியிட்டது. எவ்வளவு பூசணம் வரை தீங்கில்லை என்று அதில் எல்லை வகுக்கவில்லை. வீட்டில் ஈரம் தங்கவிடாதீர்கள், தங்கினால் காரணத்தைக் கண்டு நீக்குங்கள் என்பதே அதன் சாரம்.

நிற்க. எங்கள் வீட்டுக் காரணத்தைக் கண்டுபிடித்தவர் மார்த்தாண்டத்திலிருந்து பக்கத்து வீட்டு வேலைக்கு வந்த ஒரு கொத்தனார். 2011 தை மாதம். சுவரைப் பார்க்க உள்ளே அழைத்தேன். அவர் கறுப்பை ஒரு கணம் பார்த்துவிட்டு, "அக்கா, இதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?" என்று கேட்டு வீட்டைச் சுற்றிப் பின்புறம் போனார். மலைச்சரிவை வெட்டிக் கட்டிய வீடு அது. ஆண்டுதோறும் சரிந்த மண் பின்சுவரோடு சேர்ந்து சன்னல் அடிமட்டம் வரை ஏறியிருந்தது. மலையில் விழும் நீர் அந்த மண்ணில் இறங்கிச் சுவரில் ஊறுகிறது. சுவரோ வெட்டுக்கல், நுண்துளை நிறைந்தது, நீரைக் குடிக்கும். உள்பக்கம் பளபளக்கும் பிளாஸ்டிக் வண்ணம் பூசியிருந்ததால் குடித்த நீர் வெளியேற வழியில்லை. வண்ணம் கொப்புளித்து, அதன் மேல் பூசணம்.

ஒரு சோதனையும் சொல்லிக்கொடுத்தார். ஒரு முழச் சதுரத்தில் தடித்த பிளாஸ்டிக் தாளை எடுத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விட வேண்டும். தாளின் அறைப் பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் வீட்டுக் காற்றிலிருந்து வருகிறது. சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. எங்கள் தாளின் சுவர்ப் பக்கம் நீர் முத்து முத்தாக நின்றது. அந்தத் தாளைக் கணவர் வீட்டுக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினார். அதன் பின் இட்டலியைப் பற்றிப் பேச்சில்லை. செலவில் பாதியை வாடகையில் கழித்துக்கொள்ள அவர் இசைந்தார்.

சுவரை விட்டு 2 அடி தள்ளி மண்ணை வெட்டி எடுத்தார்கள். வீட்டுத் தரையைவிடத் தாழ்வாகக் கல் பதித்து ஓர் ஓடை அமைத்து, நீரைப் பக்கத்து ஓடைக்குத் திருப்பினார்கள். கூரையின் இறவாணத்தைத் தகடு போட்டு நீட்டினார்கள். உள்ளே பிளாஸ்டிக் வண்ணத்தைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு பூசினார்கள். சுவர் உடனே உலர்ந்துவிடவில்லை. உலர ஒரு கோடையும் பாதி மழைக்காலமும் பிடித்தன. மகன் சூன் மாதம் பள்ளி திறக்கையில் திரும்பி வந்தான். அந்த ஆடியில் இரண்டு முறை இளைத்தது. அடுத்த ஆண்டு ஒரு முறை. மருத்துவர் கொடுத்த உறிஞ்சு மருந்தை நாங்கள் நிறுத்தவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்று கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான்.

சுண்ணாம்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுத ஆசை. புதுச் சுண்ணாம்பு கடுங்காரம். அதில் பூசணம் எளிதில் வேரூன்றாது. அதோடு சுவரின் ஈரத்தை வெளியே விடும். ஆனால் காற்றுப் பட்டுக் காரம் நாளடைவில் குறையும். ஆகவே மறுபடியும் பூச வேண்டும். நம் ஊரில் பொங்கலுக்கு வெள்ளையடிப்பது வடகிழக்கு மழை ஓய்ந்த பின். இங்கே ஓணத்துக்கு வெள்ளையடிப்பது கர்க்கடக மழை ஓய்ந்த பின். அலங்காரம் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்! பழைய கேரள வீடுகளின் செங்குத்தான கூரையும், சுவரில் சாரல் படாத நீண்ட இறவாணமும், முகப்பில் காற்றுப் போகும் மரச்சட்டமும் அப்படியே. இங்கிலாந்தில் 1917இல் பிறந்து, திருவனந்தபுரத்தையே ஊராகக் கொண்டு 2007இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், செங்கலை இடைவெளி விட்டு அடுக்கிச் சுவரையே சல்லடையாக்கினார். உள்ளூரில் அவர் அமைத்த வளர்ச்சி ஆய்வு மையத்தில் இன்றும் காணலாம். நம்மவரோ கொஞ்சம் பணம் சேர்ந்ததும், இறவாணமே இல்லாத தட்டையான கான்கிரீட் பெட்டியைக் கட்டுகிறோம். விளாத்திகுளத்துக்குப் பொருந்தும் வீட்டை விதுராவில் கட்டினால் சுவர் என்ன செய்யும்?

வீட்டுக்காரர் சொன்னதில் கால் பங்கு உண்மை இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. சமையல் எரிவாயு எரியும்பொழுது நீராவி உண்டாகிறது. 14.2 கிலோ உருளை ஒன்று எரிந்து தீர்ந்தால் ஏறத்தாழ 22 லிட்டர் நீர் ஆவியாக வீட்டினுள் சேர்கிறது. பாத்திரத்திலிருந்து எழும் ஆவி வேறு. ஒரு நாள் துணியை உள்ளே உலர்த்தினால் 2 லிட்டர் போலச் சேரும். நால்வர் உறங்கும் அறையில் விடிவதற்குள் மூச்சாலும் வியர்வையாலும் ஒரு லிட்டர். விறகடுப்பிலும் ஆவி உண்டு. ஆனால் அது புகைபோக்கி வழியே போயிற்று, அடுப்பின் சூடும் நாள் முழுதும் இருந்தது. அடுப்புக்கு மேற்பரணில் புளியும் மிளகும் கெடாமல் கிடந்தன. எரிவாயு வந்து கண்ணீரைத் துடைத்தது, பரணைக் கெடுத்தது. எனவே மூடி போட்டுச் சமைப்பதும், வெளியேற்று விசிறி வைப்பதும், சமையற்கட்டுக் கதவைச் சாத்தி வெளிச் சன்னலைத் திறப்பதும், துணியைத் திண்ணையில் விசிறிக்கு அடியில் உலர்த்துவதும் செய்யத்தக்கவை. பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

சன்னலை எப்பொழுதும் திறந்து வைக்கச் சொல்வாரும் உண்டு. அது இடத்தைப் பொறுத்தது. இலண்டனிலும் டொரண்டோவிலும் குளிர்காலத்து வெளிக்காற்று ஈரம் குறைந்தது. பத்து நிமிடம் சன்னலைத் திறந்தால் வீடு உலரும். கல்லாற்றில் ஆடி மாதம் வெளிக்காற்றே நனைந்தது. இரவெல்லாம் திறந்து வைத்தால் ஈரத்தை விருந்துக்கு அழைப்பதாகும். மழை விட்டு வெயில் தலைகாட்டும் நடுப்பகலில் திறந்து, மேகம் இறங்கும்பொழுது சாத்துகிறோம். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் குளிர்சாதனம் போட்ட அறைக்குள் வெளிக்காற்று புகுந்தால், குளிர்ந்த சுவரில் நீர் கோக்கும். ஈரப்பதம் காட்டும் சிறு கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அறுபதுக்குக் கீழே நின்றால் மனம் நிம்மதி. எங்கள் வீட்டில் கோடையில்தான் அந்த எண்ணைப் பார்க்கிறோம்.

துடைக்கும் முறைக்கு வருவோம். சுவரில் வெள்ளையாகப் பூத்திருப்பதன் மேல் நீர் தெளித்துப் பாருங்கள். கரைந்து மறைந்தால் உப்பு, மறையாவிட்டால் பூசணம். பூசணத்தை உலர்ந்த துடைப்பத்தால் தட்டக் கூடாது. வித்துக்கள் அறை முழுதும் பறக்கும். மூக்கையும் வாயையும் கவசத்தால் மூடிக்கொண்டு, சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, துணியை எறிந்துவிட்டு, இடத்தை நன்கு உலர்த்த வேண்டும். இளைப்பு உள்ளவர்கள் அந்நேரம் வெளியே இருக்கட்டும். பிளீச்சிங் பவுடர் கரைசல் பீங்கான் ஓட்டில் வேலை செய்யும். வெட்டுக்கல்லின் உள்ளே இறங்காது. முக்கியமாக ஒன்று: கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டோடும் வினிகரோடும் அதைக் கலக்கவே கூடாது. குளோரின் என்னும் நச்சுவாயு கிளம்பும். 2018 ஆகஸ்டுப் பெருவெள்ளத்துக்குப் பின் பிளீச்சிங் பவுடர் வீடு வீடாகப் போயிற்று. இந்த எச்சரிக்கை எத்தனை வீட்டுக்குப் போயிற்றோ! வெள்ளம் புகுந்த வீட்டில் நனைந்த மெத்தை, பஞ்சுத் தலையணை ஆகியவற்றை இரண்டு நாளுக்குள் உலர்த்த முடியாதென்றால் இரக்கம் பாராமல் எறிந்துவிடுவதே நன்று.

பாச்சை உருண்டையும் கற்பூரமும் பூச்சிக்குத்தான். பூசணத்துக்கு அவற்றை நம்ப வேண்டாம். பீரோவின் ஈரத்தைக் குறைக்க, சுட்ட சுண்ணாம்புக்கல்லைப் பாதிப் பானை அளவு போட்டு வைக்கும் பழைய வழக்கம் பயனுள்ளது. கல் ஈரத்தை வாங்கி மாவாகிவிடும். அப்போது மாற்ற வேண்டும். நீர் பட்டால் கொதிக்கும் பொருளாகையால் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். நிலப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ், பிறப்புப் பதிவு இவையெல்லாம் பிறந்த ஊருக்கும் நமக்கும் உள்ள கயிறு. அவற்றை உலர்ந்த கோடை நாளில் காற்றுப் புகாத பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு மூடி, படியும் எடுத்து வைப்பது நல்லது. நனைந்த புத்தகத்தைக் கடும் வெயிலில் போட்டால் வளைந்துவிடும். ஏடுகளுக்கிடையே தாள் செருகி, நிழலில் விசிறிக் காற்றில் நிறுத்தி வையுங்கள். ஓலைச்சுவடிக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசுகிறார்களே என்று அச்சுப் புத்தகத்துக்கும் பூசிவிட வேண்டாம், கறை போகாது. என் தகப்பனார் கொடுத்த புத்தகங்களில் பதினொன்று பிழைத்தன.

ஊரிலிருந்து வரும் நிலக்கடலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூசணம் கண்ட கடலையையும் கொப்பரையையும் மக்காச்சோளத்தையும் துடைத்து வெயிலில் போட்டு உண்ணும் சிக்கனம் வேண்டாம். அவற்றில் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு சமைத்தாலும் முழுதும் அழிவதில்லை. 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப்புறப் பழங்குடி ஊர்களில் அத்தகைய மக்காச்சோளத்தை உண்டு ஈரல் கெட்டு நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். கடையிலேயே கணவர் அத்தகைய மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடுகிறார், நட்டம்தான்.

எங்கள் பின்புற ஓடையில் தை, மாசியில் உதிரும் ரப்பர் இலை நிறைந்து அடைத்துக்கொள்ளும். வைகாசி பிறந்ததும் அதைத் தூர் வாரி, சரிந்த மண்ணையும் அள்ளிவிடுகிறோம். சில ஆண்டுகளாக வீட்டுக்காரரே ஆள் அனுப்புகிறார். கட்டில் கிடந்த சுவர் வெள்ளையாக இருக்கிறது. சமையற்கட்டில் அரிசிப் பானைக்குப் பின்னால் மட்டும் உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்பு ஒவ்வோர் ஆடியிலும் வருகிறது. அவ்விடத்தில் சுவருக்குள் தண்ணீர்க் குழாய் போகிறது. மழை வலுக்கும் முன் அதைத் திறந்து பார்க்க அந்தக் கொத்தனாருக்கே சொல்லி அனுப்பியிருக்கிறோம்.